தென்காசி வானமும் சிறு தொலைநோக்கியும்

வீட்டு மொட்டைமாடியில் சிறு தொலைநோக்கியை நிறுத்தி விண்ணை ஆராயும் ரசிகர்களுக்குத் தென்காசி வட்டாரம் அநுகூலமும் பிரதிகூலமும் ஒருங்கே வாய்ந்த ஸ்தலமாகும். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 பாகையில் இவ்வூர் அமைந்திருப்பதால், லண்டன் மாநகரத்தார் தம் ஊரிலிருந்து ஒருபோதும் காண இயலாத திரிசங்கு, அகத்திய நட்சத்திரம், பல லட்சம் விண்மீன்கள் செறிந்த ஒமேகா சென்டாரி என்னும் கொத்து ஆகியவற்றை, நிலவற்ற இருண்ட இரவுகளில் இங்குள்ளோர் வெறுங்கண்ணாலேயே தரிசிக்கலாம்.

ஆயினும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால அருவிகளுக்கு உயிரூட்டும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, வானை மேகத்தால் மூடுவதோடு, ஈரத்தினால் கண்ணாடி வில்லைகளில் பூஞ்சை படரவும் ஹேதுவாகிறது. மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரோ, அந்தி வானில் தாழ்ந்து தோன்றும் புதனையும் இளம்பிறையையும் முன்னதாகவே மறைத்துவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே விண்ணை ஆராய்வதற்கு உகந்த காலம். 1610-இல் கலிலியோ கண்டறிந்த வியாழனின் நான்கு சந்திரர்களை, அசையாமல் நிறுத்திய சாதாரண பைனாகுலரே இன்று காட்டிவிடும். ஆதலின், பெரும்பொருள் செலவிட்டுக் கருவி வாங்குமுன், நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் பயிற்சியைக் குழந்தைகளோடு சேர்ந்து இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.