சமணம் தனி மதமா, இந்து மதத்தின் பிரிவா?

சமணம் (ஜைனம்) இந்து மதத்தின் ஒரு கிளையா, அல்லது தனித்த மதமா என்பது இந்தியாவில் நூறாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்படும் கேள்வி. சமயக் கொள்கை, வரலாறு, சட்டம், மக்களின் சொந்த அடையாளம் ஆகிய நான்கும் இதில் கலந்துள்ளன. திருமணம், தத்து, சொத்துரிமை, பள்ளி நிர்வாகம் போன்ற அன்றாட விஷயங்களும் இதற்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்திருப்பதால், அறிஞர்களோடு நீதிமன்றங்களும் இதைப் பலமுறை ஆராய்ந்துள்ளன.

அன்னவாசல் பகுதியின் சான்றுகள்

தமிழகத்தில் சமணத்தின் பழமையை அறிய உதவும் முதன்மையான இடங்களில் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலை அடுத்துள்ள சித்தன்னவாசல். இங்குள்ள குன்றின் மேல் ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில் துறவிகள் தங்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு காணப்படுகிறது. பிற்காலத்தில் தங்கிய துறவிகளின் பெயர்களும் சில படுக்கைகளில் பொறிக்கப்பட்டுள்ளன.

குன்றின் மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயில் ஒரு குடைவரை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் இதைப் புதுப்பித்ததை இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தாமரைக்குளமும் மீன்களும் யானைகளும் பூப்பறிக்கும் மனிதர்களும் நிறைந்த இதன் விதான ஓவியம் புகழ்பெற்றது. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் அவையைச் சேர்ந்த காட்சியாக இதை அறிஞர்கள் விளக்குகின்றனர்.

பல நூற்றாண்டுகள் இந்த மண்ணில் வேரூன்றியிருந்த சமயம் சமணம் என்பதை இச்சான்றுகள் காட்டுகின்றன. ஆனால் ஒரே மண்ணில் வளர்ந்ததால் இரண்டு சமயங்கள் ஒன்றாகிவிடுமா என்பதே கேள்வி.

ஒற்றுமைகளும் வேற்றுமைகளும்

வினைப்பயன், மறுபிறப்பு, வீடுபேறு ஆகிய கருத்துகள் இரு மரபுகளுக்கும் பொதுவானவை. கோயில், சிலை வழிபாடு, நோன்பு ஆகியவையும் பொதுவானவை. தமிழ்ச் சமணர்கள் (நயினார்) இன்றும் திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களில் வாழ்கின்றனர். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் உள்ளது. தமிழே இவர்களின் தாய்மொழி. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் சீவக சிந்தாமணி இயற்றிய திருத்தக்கதேவரும் சமணர்களே.

வேற்றுமைகள் அடிப்படையானவை. சமணம் வேதங்களை ஆதார நூல்களாக ஏற்பதில்லை. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்றும் அது கொள்வதில்லை. வினை என்பது உயிரோடு ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய பொருள் என்றும், அதைத் தன் முயற்சியால் உதிர்த்தே உயிர் விடுதலை பெறுகிறது என்றும் அது கற்பிக்கிறது. வழிகாட்டிய 24 தீர்த்தங்கரர்களே வணக்கத்துக்குரியவர்கள். தீபாவளியைச் சமணர்களும் கொண்டாடுகின்றனர். ஆனால் அவர்களுக்கு அது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள்.

பழந்தமிழகத்தில் இந்த வேற்றுமை நன்கு உணரப்பட்டிருந்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம், மறுக்கப்பட வேண்டிய புறச்சமயங்களுள் ஒன்றாகவே சமணத்தை வைக்கிறது.

அறிஞர்களின் ஆய்வு

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் சமணத்தைப் பௌத்தத்தின் கிளை எனக் கருதினர். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி சமண, பௌத்த நூல்களை ஒப்பிட்டு, இரண்டும் தனித்தனி மரபுகள் என நிறுவினார். சமண நூல்களின் மொழிபெயர்ப்புக்கு 1884இல் அவர் எழுதிய முன்னுரை இவ்வாய்வில் ஒரு திருப்புமுனை.

நீதிமன்றங்களின் பார்வை

ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள், வேறு வழக்கம் நிரூபிக்கப்படாதவரை சமணர்களுக்கு இந்து சட்டத்தையே பொருத்தின. ஆண் வாரிசு இல்லாத சமண விதவை, கணவரின் அனுமதியின்றித் தத்து எடுக்கலாமா என்பது அடிக்கடி எழுந்த வழக்கு. அப்படிப்பட்ட ஒரு வழக்கில் (கட்டெப்பா எதிர் ஏரம்மா) சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, சமணர்கள் இந்து மதத்திலிருந்து பிரிந்தவர்கள் அல்லர் என்றும், ஸ்மிருதிகளுக்கு மிக முந்திய வரலாறு சமணத்துக்கு உண்டு என்றும் கருத்துரைத்தார். ஆயினும் முந்தைய தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டு, இந்து சட்டமே பொருந்தும் என்ற நிலையை ஏற்றார்.

விடுதலைக்குப் பின்னும் இந்த இரட்டை நிலை தொடர்ந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும். ஆனால் இச்சட்டங்கள் இவர்களை 'மதத்தால் சமணர்' எனத் தனியே குறிப்பிட்டே சேர்த்துக்கொள்கின்றன.

சிறுபான்மைத் தகுதி கோரிய பால் பாட்டில் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், அதை அறிவிக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட மறுத்தது. சமணத்தை இந்து மதத்தோடு இணைத்தும் பேசியது. மறு ஆண்டே, பள்ளி நிர்வாகம் தொடர்பான வேறொரு வழக்கில், சமணம் இந்து மதத்தின் பகுதி அன்று என அதே நீதிமன்றம் கூறியது. 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணர்களைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது.

அதன் விளைவு 2025இல் ஒரு குடும்பத்தைத் தொட்டது. சமணர்கள் தனிச் சிறுபான்மையினர் ஆகிவிட்டதால் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணவிலக்குப் பெற முடியாது என இந்தூர் குடும்ப நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளியது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. சிறுபான்மைத் தகுதி வேறு, பொருந்தும் குடும்பச் சட்டம் வேறு என்பதே அதன் சாரம்.

மார்மன்களுடன் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1830இல் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் திருச்சபை குறித்தும் இதே போன்ற விவாதம் உண்டு. இயேசுவையே மீட்பராக ஏற்கும் மார்மன்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்கின்றனர். ஆனால் நைசியா விசுவாச அறிக்கை கூறும் திரித்துவத்தை அவர்கள் ஏற்பதில்லை. பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் மறைநூலாகக் கொள்கின்றனர். அவர்களது திருமுழுக்கு செல்லாது எனக் கத்தோலிக்கத் திருச்சபை 2001இல் அறிவித்தது.

இரு விவாதங்களும் எதிர்த் திசையில் நிற்கின்றன. மார்மன்கள் உள்ளே இருப்பதாகச் சொல்ல, மற்ற திருச்சபைகள் பல மறுக்கின்றன. சமணர்களில் பலர் தாங்கள் வேறு என்று சொல்ல, வெளியே உள்ளவர்கள் உள்ளே சேர்க்கின்றனர்.

முடிவுரை

கொள்கை, வரலாறு ஆகிய அளவுகோல்களின்படி சமணம் தனி மதம். திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் அது இந்து சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல; ஒரு குடும்பச் சட்டத்தைப் பகிர்ந்துகொள்வது ஒரு மதத்தைப் பகிர்ந்துகொள்வது ஆகாது. எனவே 'சமணர் இந்துக்களா?' என்று கேட்பவர், எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.