கருவிக்குள் கணினி – 17: பாட்டுப் பெட்டி பிரேக்கைத் தொட்ட கதை

2015 ஜூலையில் அமெரிக்காவின் 'வயர்ட்' இதழில் ஆண்டி கிரீன்பெர்க் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்து நெடுஞ்சாலையில், மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் அவர் ஜீப் செரோக்கி ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார். யாரும் தொடாமலே ஏசி குளிர்காற்றை அள்ளி வீசுகிறது. ரேடியோ தானே நிலையம் மாறி அலறுகிறது. குமிழைத் திருகியும் சத்தம் குறையவில்லை. வைப்பர் ஓடுகிறது, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுகிறது. கடைசியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறதே தவிர, வண்டி வேகம் இழந்துகொண்டே வருகிறது. ஒதுங்க இடமில்லாத சாலை, பின்னால் லாரி.

செய்தவர்கள் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள். 16 கிலோமீட்டர் தள்ளி, மில்லரின் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். கிரீன்பெர்க் சம்மதித்து நடந்த சோதனைதான். என்னென்ன செய்யப்போகிறார்கள் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு ஆளில்லாத இடத்தில் பிரேக்கையும் செயலிழக்க வைத்தார்கள். வண்டி மெல்ல உருண்டு பள்ளத்தில் இறங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'காரை இன்டர்நெட்டில் இணைத்தால் இப்படித்தான்' என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் விஷயம் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அந்த வண்டியில் பாட்டுப் பெட்டிக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு தடுப்பு ஏற்கெனவே இருந்தது. நன்றாகவே யோசித்து வைத்த தடுப்பு.

அதைப் பார்க்கும் முன் 'கேன்' என்ற கம்பியைப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1986-இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அறிமுகம் செய்த தகவல்தொடர்பு முறை அது. அதற்கு முன் காரில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிக் கம்பி. கேன் வந்தபின் இரண்டே கம்பிகள்; எல்லாக் கட்டுப்பாட்டுக் கணினிகளும் அதில் தொங்கிக்கொண்டு பேசும், கேட்கும். ஒரு நிறுவனத்தின் பிரேக் கணினியும் இன்னொரு நிறுவனத்தின் இன்ஜின் கணினியும் ஒன்றையொன்று பார்த்திராமலே சேர்ந்து வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

கேன் செய்தியின் அமைப்பு மிகச் சிக்கனமானது. முன்னால் ஓர் அடையாள எண், பின்னால் அதிகபட்சம் 8 பைட் தகவல். எண் சிறியதென்றால் முன்னுரிமை அதிகம்; இரண்டு செய்திகள் மோதினால் சிறிய எண் வெல்லும். அனுப்பியவர் யார் என்று எழுத இடமே கிடையாது. 'வேகம் இவ்வளவு' என்று கம்பியில் வந்தால், வந்ததுதான் உண்மை. 1986-இல் இதைக் குறையென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. வண்டியைச் செய்தவர் தொங்கவிட்ட பெட்டிகள் மட்டும்தானே அந்தக் கம்பியில் இருந்தன.

இப்போது ஜீப்புக்கு வருவோம். ஹார்மன் நிறுவனம் செய்துகொடுத்த 'யூகனெக்ட்' பெட்டிக்குள் இரண்டு முக்கியச் சில்லுகள். ஒன்று டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பெரிய சில்லு. க்யூஎன்எக்ஸ் இயங்குதளத்தில் பாட்டு, வரைபடம், செல்போன் நெட்வொர்க் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது. மற்றொன்று ரெனசாஸின் வி850 என்ற சிறிய சில்லு. கேன் கம்பி அதனிடம் மட்டுமே. வெளியுலகோடு பேசும் பெரிய சில்லுக்குக் கம்பியில் நேரடியாக எழுதும் வழியே இல்லை. சின்னவனிடம் குறிப்பிட்ட சில விஷயங்களை மட்டும் கேட்கலாம்.

பெரியவனுக்குள் நுழைவது எளிதாகவே இருந்தது. 6667 என்ற போர்ட் செல்போன் நெட்வொர்க்கை நோக்கித் திறந்து கிடந்தது, கடவுச்சொல் கேட்கவில்லை. ஜீப் பயன்படுத்திய ஸ்பிரிண்ட் செல்போன் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு கருவி போதும். நாட்டின் எந்த மூலையில் ஓடும் வண்டியோடும் பேசலாம். ஆனால் அதோடு ரேடியோவைத்தான் அலறவைக்கலாம், பிரேக்கைத் தொட முடியாது. மில்லரும் வாலசெக்கும் சின்னவனுக்குள் ஓடும் நிரலைப் பொறுமையாகப் பிரித்துப் படித்தார்கள். அப்போது கண்ணில் பட்டது: சின்னவனின் நிரலைப் புதுப்பிக்கும் வேலை பெரியவனிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வரும் புதிய நிரல் நிறுவனம் அனுப்பியதுதானா என்று டிஜிட்டல் கையொப்பம் பார்க்கும் ஏற்பாடு இல்லை. காவலாளியையே மாற்றி எழுதும் உரிமை, யாரைத் தடுக்கக் காவல் வைத்தார்களோ அவனிடமே இருந்தது. அவர்கள் தங்கள் நிரலை வி850-க்குள் ஏற்றினார்கள். அதன்பின் கம்பியில் எதை வேண்டுமானாலும் எழுத முடிந்தது.

ஜீப்பைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்பிரிண்ட் தன் நெட்வொர்க்கில் அந்தப் போர்ட்டை அடைத்தது. உரிமையாளர்களுக்குத் திருத்தம் யூஎஸ்பி பென்டிரைவில் தபாலில் போனது. தபாலில் வரும் பென்டிரைவை வண்டியில் செருகுங்கள் என்று மக்களைப் பழக்கும் யோசனை யாருக்கு வந்ததோ, அதையும் ஒரு பாதுகாப்புக் குறைபாடாகப் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

இப்போது தொழில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஜீப்பில் இருந்தவை தனித்தனியான இரண்டு சில்லுகள். இன்றோ பல கணினிகளின் வேலையை ஒரே பெரிய சில்லில் அடைக்கிறார்கள். விலை, எடை, கம்பி எல்லாமே குறைகின்றன. ஓட்டுநருக்கு எதிரே வேகம் காட்டும் திரை ஓர் இயங்குதளத்தில், நடுவில் பாட்டும் வரைபடமும் காட்டும் திரை ஆண்ட்ராய்டில், இரண்டும் ஒரே சில்லில். நடுவே நின்று பங்கு பிரித்துக் கொடுப்பது ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள்.

ஒண்டுக்குடித்தனம்தான் இது. தனித்தனி அறை, தனித்தனி அடுப்பு; கிணறும் முற்றமும் பொது. அறைச்சுவரைச் சில்லே எழுப்பித் தருகிறது. ஒவ்வொரு விருந்தாளி இயங்குதளமும் தன் நினைவக முகவரி என்று நினைத்துக் கேட்பதை, ஹைப்பர்வைசர் வைத்திருக்கும் இரண்டாவது அட்டவணை வழியாக மாற்றித்தான் சில்லு உண்மையான நினைவகத்தைத் தொடுகிறது. அட்டவணையில் இல்லாத இடத்துக்குக் கை நீட்டினால் அங்கேயே பிடிபடும். ஆண்ட்ராய்டு முழுவதுமாகச் செயலிழந்தாலும் வேகம் காட்டும் முள் தடையில்லாமல் தன் வேலையைச் செய்யலாம்.

பொதுக் கிணற்றில்தான் சிக்கல். கேமரா, வைஃபை போன்ற சாதனங்கள் ப்ராசசரைக் கேட்காமல் நேராக நினைவகத்தில் எழுதக்கூடியவை. அந்த வழிக்கும் தனியாக ஒரு சோதனைச் சாவடி வைக்காவிட்டால், சாதனத்தைக் கையில் வைத்திருக்கும் விருந்தாளி அதைக்கொண்டு பக்கத்து அறைக்குள் எழுதிவிடலாம். ஒரே சாதனத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள 'வர்ட்ஐஓ' என்ற பொது வழக்கம் உருவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல் லினக்ஸுக்காகத் தொடங்கியது. 2016-இல் தர நிர்ணயமாகவும் ஆனது. எந்த விருந்தாளியும் எந்த ஹைப்பர்வைசரோடும் இதே மொழியில் பேசலாம். கேன் செய்த அதே நல்ல காரியம். அப்படியானால் கேனிடம் கேட்கத் தவறிய கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: வருகிற செய்தியை வாங்குபவர் சோதிக்கிறாரா, இல்லை அப்படியே நம்புகிறாரா?

ஹைப்பர்வைசர் விற்பவர்கள் சுவரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஜீப்பின் சுவர் தனிச் சில்லாகவே இருந்தது. அதைவிட உறுதியான சுவரை எந்த மென்பொருளாலும் கட்ட முடியாது. நான் முதலில் பார்க்க விரும்புவது வேறு ஒரு காகிதம்: யார் யாருக்கு என்ன செய்தி அனுப்பலாம், யார் யாரைத் திருத்தி எழுதலாம் என்ற பட்டியல்.

அந்தப் பட்டியலை ஒழுங்காகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. சிட்னியில் இயங்கிய நிக்டா ஆய்வுக்கூடத்தில் கெர்வின் க்ளைன், கெர்னாட் ஹைசர் முதலியோர் 2009-இல் 'எஸ்ஈஎல்4' என்ற சிறு கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சரித்தன்மையைக் கணித முறையில் நிறுவினார்கள். சி மொழியில் சுமார் 8,700 வரி. நிறுவும் முயற்சியில் வெளிப்பட்ட பிழைகள் 160; வழக்கமான சோதனைகளில் அகப்பட்டவை அவற்றில் 16 மட்டுமே. இந்த கெர்னலில் எந்தப் பகுதிக்கு எதைத் தொட உரிமை என்பது ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கப்படும், கொடுக்காதது கிடையாது.

அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, 'ஹாக்கம்ஸ்' என்ற திட்டத்தில் இதைப் போயிங்கின் 'லிட்டில் பேர்ட்' ஆளில்லா ஹெலிகாப்டரில் ஏற்றியது. பழைய மென்பொருள் முழுவதையும் தூக்கி எறியவில்லை. அதை லினக்ஸோடு சேர்த்தே மெய்நிகர் அறைகளுக்குள் வைத்தார்கள். முக்கியப் பகுதிகளை மட்டும் வெளியே எடுத்துத் தனியாக எழுதினார்கள். 2015 கோடையில் ஹேக்கர் குழு ஒன்றுக்கு அழைப்பு. கேமராவைக் கவனிக்கும் லினக்ஸ் அறையின் முழு நிர்வாக உரிமையை அவர்களிடமே கொடுத்துவிட்டார்கள். ஜீப்பில் மில்லரும் வாலசெக்கும் முதலில் நுழைந்த இடத்தை இவர்களுக்குத் தொடக்கத்திலேயே தந்தாயிற்று. அவர்களால் அந்த அறையை நாசம் செய்ய முடிந்தது. அதற்கு வெளியே கால் வைக்க முடியவில்லை.

கணிதம் நிரூபித்துவிட்டதே என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அந்த நிரூபணம் சில்லு சரியாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. 2018 ஜனவரியில் 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டவுன்' என்று சில்லுகளிலேயே ஓட்டைகள் வெளிவந்தபோது அந்த எடுகோள் எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. கார்க்காரர்களை அன்றாடம் உறுத்துவது அதுதான்: நேரம். அமெரிக்க விதிப்படி ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் பின்பக்கக் கேமராவின் படம் திரையில் வந்தாக வேண்டும். அந்த விநாடியில் பக்கத்து அறை ஆண்ட்ராய்டு ஏதோ ஒரு வீடியோவுக்காக நினைவகத்தை வாரிக் குடித்துக்கொண்டிருந்தால்? அது எந்த விதியையும் மீறவில்லை, தன் அறையை விட்டு நகரவுமில்லை. ஆனாலும் கேமராவுக்கு வேண்டியது தாமதமாகத்தான் வரும். போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தில் உருவான 'பாவ்' போன்ற சிறு ஹைப்பர்வைசர்கள் ப்ராசசரின் கோர்களை நிரந்தரமாகப் பங்கு போட்டுவிடுகின்றன. பொதுவாக இருக்கும் கேஷ் நினைவகத்தையும் வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒருவர் வண்ணத்தில் இன்னொருவர் கை வைக்காதபடி செய்கின்றன. தாமதம் கட்டுக்குள் வருகிறது. பதிலுக்கு ஒவ்வொருவர் பங்கும் சுருங்குவதால் எல்லோருமே கொஞ்சம் மெதுவாக ஓடுகிறார்கள். அந்த மெதுவை ஈடுகட்ட வேண்டுமானால் இன்னும் விலை கூடிய சில்லை வாங்க வேண்டும். சில்லு வாங்கும் செலவைக் குறைக்கத்தான் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள்.

(தொடரும்)