மூணு நூல் போல்ட்டும் எம்10 போல்ட்டும் ஒண்ணு இல்லீங்க!

சோழவந்தான் வயல்களில் நடவுக்கு உழவு ஓடும் நேரம். ரோட்டவேட்டரில் ஒரு போல்ட் உடைந்தால் போதும், அன்றைய வேலை நின்றுவிடும். அவசரத்தில் கண் அளவில் வாங்கிப் பூட்டும் போல்ட், பாதி வயலில் மறுபடியும் கழன்று விழும். கத்தி தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

குழப்பத்துக்குக் காரணம், நம்மிடம் இரண்டு கணக்கு இருப்பதுதான். ஒன்று, இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த அங்குல மரை. பட்டறைகளில் சொல்லும் 'நூல்' கணக்கு இதுதான். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். மற்றது, 'எம்' என்று தொடங்கும் மில்லிமீட்டர் மரை. அங்குல மரையின் கோணம் 55 டிகிரி, மில்லிமீட்டர் மரைக்கு 60 டிகிரி.

3 நூல் போல்ட்டின் கனம் 9.5 மி.மீ, எம்10 போல்ட்டுக்கு 10 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 3 நூல் போல்ட்டில் எம்10 நட்டு முதலில் லூசாக ஏறும், பிறகு பிடிக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். இறுகியது போலத் தெரிந்தாலும், அதிர்வில் விட்டுவிடும்.

அளப்பது எப்படி?

கனத்தை மரையின் மேல் முகட்டில் அளக்க வேண்டும். அடுத்தது 'பிட்ச்', அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. ஒரு முகட்டில் ஸ்கேலை வைத்து, அதை விட்டுவிட்டு அடுத்த 10-வது முகடு வரை அளந்தால் 10 இடைவெளி கிடைக்கும். சாதாரண மரையில் அந்த நீளம்:

எம்10 – 15 மி.மீ
3 நூல் – சுமார் 16 மி.மீ
எம்12 – 17.5 மி.மீ
4 நூல் – சுமார் 21 மி.மீ

'17-ம் நம்பர் போல்ட்' என்று கேட்பதும் தவறு. 17 என்பது ஸ்பேனர் பிடிக்கும் தலையின் அகலம். அந்தத் தலை பெரும்பாலும் எம்10 போல்ட்டில் இருக்கும்.

வாங்கும்போது...

பழைய போல்ட், நட்டு இரண்டையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பழைய போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று இருந்தால், அதே எண் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். அது போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண். கடையிலேயே நட்டை விரலால் சுற்றிப் பார்க்கலாம். கடைசி மரை வரை தடையின்றி ஏறினால்தான் ஜோடி சரி.

பூட்டுவதற்கு முன் டிராக்டர் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.