எம்.புக்கில் ஏறும் தெரு

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் 1913 என்ற எண்ணுக்குப் போன் போட வேண்டும். அது மாநகராட்சி. அதே கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தால் மின்வாரியத்திடம் சொல்ல வேண்டும். நாலடி தள்ளி, கழிவுநீர் மேன்ஹோல் மூடி உடைந்திருந்தால் குடிநீர் வாரியம். மழைநீர் வடிகாலின் மூடி உடைந்திருந்தால் மறுபடியும் மாநகராட்சி. தெருக்கோடியில் ஓடும் பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறைக்கும், அதற்கப்பால் தெரியும் அடுக்குமாடி வரிசை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் சொந்தம். பார்ப்பவருக்கு எல்லாமே ‘கவர்ன்மென்ட்’ சொத்துதான். பழுது பார்க்கப் போகும்போதுதான் அதற்கு இத்தனை உடைமையாளர்கள் இருப்பது தெரியும்.

மணலி சாலை ரயில்வே கேட்டில் காத்து நிற்காத வடசென்னைக்காரர் இருக்க முடியாது. இப்படிப்பட்ட கேட்டுகளுக்கு மேல் பாலம் கட்டும்போதும் வழக்கமான பங்கீடு உண்டு: தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயின் பொறுப்பு, இருபுறமும் ஏறி இறங்கும் பாதை மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஒரே பாலத்துக்கு இரண்டு எஸ்டிமேட், இரண்டு டெண்டர். ஒன்று முடிந்து இன்னொன்று முடியாமல் பாலம் அந்தரத்தில் நிற்பதைப் பல ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு மூத்த மாநகராட்சி கிடையாது. குடிநீரும் கழிவுநீரும் நெடுங்காலம் இதன் கையில்தான் இருந்தன. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றுக்குத் தனி வாரியம் வந்தது. 2011-இல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, வடக்கே திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளும் உள்ளே வந்தன. எல்லைக்கோடு ஒரு அரசாணையில் மாறிவிடும். அந்த நகராட்சிகளின் கடைகள், பள்ளிகள், சுடுகாடுகள், பூங்காக்கள் எல்லாவற்றையும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் பதிவேட்டில் ஏற்றுவது அவ்வளவு சுலபமல்ல. இன்று மாநகராட்சி பராமரிக்கும் பேருந்துத் தடச் சாலைகளே சுமார் 387 கிலோமீட்டர். உட்சாலைகள் 5,200 கிலோமீட்டருக்கு மேல்.

சொத்து நிர்வாகத்தின் முதல் வேலை, எது நம்முடையது என்று தெரிந்துவைத்திருப்பது. சென்னையில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நகர நில அளவைப் பதிவேட்டில் பிளாக் எண்ணும் புல எண்ணும் உண்டு. அதில் ‘மாநகராட்சி’ என்றோ ‘சர்க்கார் புறம்போக்கு’ என்றோ இருக்கும் ஒரு சொல்தான் நாளை அங்கே அங்கன்வாடி வருமா, லாரி ஷெட் வருமா என்பதை முடிவு செய்யும். வடசென்னையில் பழைய கிடங்குகளும் ஆலைகளும் அடுக்குமாடிகளாக மாறிவரும் காலத்தில் இது இன்னும் முக்கியம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடம் எழுப்புபவர், அதில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்திரம் பதிவானதோடு வேலை முடிவதில்லை. அந்த இடத்துக்கு வேலி போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பெயர்ப்பலகை நடாவிட்டால் சில வருடங்களில் அது அடுக்குமாடிக்காரர்களின் கார் நிறுத்துமிடமாகிவிடும்.

குத்தகைக்கு விட்ட சொத்தும் இப்படித்தான் கைநழுவும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள விக்டோரியா பப்ளிக் ஹால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாநகராட்சி நிலத்தில் எழுந்தது. குத்தகை முடிந்தும் இடத்தைத் திரும்பப் பெற மாநகராட்சி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

இனி வாங்கும் கதை. அரசு கொள்முதலில் வெளிப்படைத்தன்மைக்கென்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் நிறைவேறியது. விதிகள் 2000-இல் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். பெரிய வேலைகளுக்கு இரட்டை உறை முறை: முதல் உறையில் தகுதியும் அனுபவமும், இரண்டாவதில் விலை. முதலில் தேறியவரின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. பேரம் பேசுவதானால் அவரோடு மட்டும்தான் பேசலாம்.

குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற விதி நியாயமானது. அதே சமயம் கண்டிப்பானது. தரத்தைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதை டெண்டர் விடுமுன்பே காகிதத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு சொன்னால் செல்லாது. மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகங்களை எடுத்துக்கொள்வோம். 2013-இல் தொடங்கிய இவற்றில் தேய்ந்துபோன பாத்திரங்களையும் இயந்திரங்களையும் மாற்ற 2024 ஜூலையில் 7 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஒரு டெண்டரில் ‘எவர்சில்வர் அண்டா, 50 லிட்டர்’ என்று மட்டும் எழுதினால், மிக மெல்லிய தகட்டில், நிக்கல் குறைந்த 202 ரக எஃகில் செய்த அண்டாதான் மலிவான விலையில் வந்து நிற்கும். தினமும் உப்பும் புளியும் கொதிக்கும் அண்டா அது. சீக்கிரமே துருப்புள்ளி விழும். ‘304 ரகம், தகட்டின் கனம் இத்தனை மில்லிமீட்டர், காலி எடை இத்தனை கிலோ’ என்று எழுதியிருந்தால் அந்த அண்டா வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். விடியற்காலையில் அடுப்பு மூட்டும் மகளிர் குழுப் பெண்ணின் சிரமம், எங்கோ ஒரு மேஜையில் எழுதப்பட்ட அல்லது எழுத மறந்த அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

இவ்வளவும் வேலை தொடங்கும் முன் நடப்பவை. மாநகராட்சிப் பணம் நிஜமாகவே கைமாறும் இடம் எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகம். நம் கவனம் எல்லாம் டெண்டரிலேயே நின்றுவிடுகிறது. எம்.புக்கைப் பற்றிப் பேசுபவர் குறைவு. பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கும். ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது. பென்சில் ஆகாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். வார்டு பொறியாளர் தெருவில் டேப் பிடித்து அளந்து நீளம், அகலம், கனம் எழுதுவார். மேலதிகாரி வந்து அதில் ஒரு பகுதியை மறுபடி அளந்து பார்ப்பார். அந்த அளவுதான் கான்ட்ராக்டரின் பில்.

100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள ஒரு தெரு. தார்க்கலவை 40 மில்லிமீட்டர் கனம் போட வேண்டும். கணக்குப்படி 20 கன மீட்டர். தெருவில் 30 மில்லிமீட்டர்தான் விழுந்தது என்றால் 15. காணாமல் போன 5 கன மீட்டரின் எடை 11 டன்னுக்கு மேல். ஒரு டிப்பர் நிறையக் கலவை, கட்டைவிரல் அகலத்தில் பாதிகூட இல்லாத கனத்தில் மறைந்துவிடுகிறது. மேலே நின்று பார்த்தால் இரண்டு சாலையும் ஒரே கறுப்பு. அடுத்த மழையில்தான் வித்தியாசம் தெரியும். வடிகால் வேலையில் ஆபத்து இன்னும் அதிகம்: கம்பி கட்டியதைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அளந்தாக வேண்டும், ஊற்றிய பிறகு உள்ளே எத்தனை கம்பி என்று யாரும் எண்ண முடியாது. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு நடக்கும் 3,220 கோடி ரூபாய் வடிகால் திட்டமும் கடைசியில் இப்படிக் குழிகுழியாகத்தான் அளக்கப்படுகிறது.

பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீட்டு வாசல் தெருவுக்குக் கீழே போன குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். ஆகவே சுரண்டிய அளவும் எம்.புக்கில் ஏற வேண்டிய ஒன்றுதான்.

கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்தில், அதே தண்டையார்பேட்டை மண்டலத்தில், மாநகராட்சியின் மாபெரும் சொத்து ஒன்று கிடக்கிறது: கொடுங்கையூர் குப்பைமேடு. பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை வந்து விழுந்த சுமார் 252 ஏக்கரில், ஏறத்தாழ 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை சுமார் 640 கோடி ரூபாய்க்கு, பல பகுதிகளாகப் பிரித்து விடப்பட்டது. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இங்கே டேப் உதவாது. எடைமேடையும், மேட்டின் கன அளவைக் காட்டும் நில அளவையும்தான் எம்.புக்குக்கு ஆதாரம். சலித்த மண், கல், எரிபொருளாகப் போகும் பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றும் எங்கே போனது என்பதற்கும் கணக்கு வேண்டும். மீட்கப்படும் நிலம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிட்டது. அங்கே குப்பை எரிவுலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நகரத்தின் குப்பையை இத்தனை காலம் தாங்கியவர்கள் அந்த நிலத்தைப் பற்றிய முடிவில் தங்கள் பேச்சும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

எம்.புக் ரகசிய ஆவணம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, ஆவணத்தின் நகலைக் கேட்பதோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதன் 2-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, தெருவின் பெயர், வேலை உத்தரவு எண், எம்.புக் பக்கங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும்.