விழாத தொப்புள்கொடி

பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடி ஒன்றிரண்டு வாரங்களில் காய்ந்து விழுந்துவிடும். சில குழந்தைகளுக்கு நான்கு வாரம் ஆனாலும் விழாது. அவர்களில் சிலருக்கு அடிப்பகுதி சிவந்து, ஈரமாகவே இருக்கும், காய்ச்சல் அடிக்கும். ஆனால் துளி சீழ் இருக்காது. சீழ் பிடிக்கவில்லையே என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல்படுவார்கள். கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

சீழில் பெரும்பகுதி கிருமியோடு போராடி மடிந்த வெள்ளணுக்கள். அவற்றுள் முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள். இரத்த ஓட்டத்தில் உருண்டு வரும் இவை, புண் உள்ள இடத்தில் குழாயின் சுவரை இறுகப் பற்றி நின்று, இடுக்கு வழியே திசுவுக்குள் நுழைய வேண்டும். அப்படிப் பற்றிக்கொள்ளும் கைதான் இன்டெக்ரின் என்ற புரதம். அதன் ஒரு பாதியான சிடி18-ஐ உருவாக்கும் ஐடிஜிபி2 மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே கை உருவாகாமல் போகலாம். நியூட்ரோஃபில்கள் ஏராளமாக உற்பத்தியாகும், இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், புண்ணுக்கு வந்து சேராது. கொடியின் அடித்திசுவைக் கரைத்து விழச் செய்வதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதால் கொடியும் தங்கிவிடுகிறது. தாமதமாக விழும் கொடி, பரவும் தொற்று, நகர முடியாத நியூட்ரோஃபில் மூன்றையும் இணைத்து 1979-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இன்று இந்நோயின் பெயர் எல்ஏடி-1.

லேசான வகையில் பிழைத்து வளர்பவர்களுக்கு ஈறு அழுகிப் பற்கள் விழும். கிருமியைத் தடுக்க ஆளில்லாததே காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் நியூட்ரோஃபில் வந்து சேராததால், 'போதும்' என்ற சமிக்ஞை கிடைக்காமல் அழற்சியே கட்டுமீறி ஈறைத் தின்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த அழற்சியைத் தணிக்கும் மருந்தால் ஓர் இளைஞரின் ஈறு தேறியதை 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு புரதம் பழுதானால் பாதுகாப்பு குறைவதோடு நிற்பதில்லை. பாதுகாப்பே தாக்குதலாகவும் மாறுகிறது. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். இருவரும் நலமாகவே இருப்பார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாகக் கால்பங்கு மரபணுக்களைப் பொதுவாகக் கொண்டவர்கள்; அவர்கள் மணந்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். சொந்தத்தில் பெண் எடுப்பது ஏதோ ஓர் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. தமிழகம் முழுக்க நான்கு திருமணங்களில் ஒன்றுக்கு மேல் அப்படித்தான் நடக்கிறது. யார் மீதும் பழி போட இதில் இடமில்லை.

கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. அது நடக்காவிட்டால் பல குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் சேர்ந்த 9 குழந்தைகளும் பிழைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மலைமேல் ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளிலிருந்து சேலத்துக்கு இறங்குவது எளிதல்ல. ஆனால் ஆஷா பணியாளர் பச்சைக் குழந்தையை வீடு தேடிப் பார்க்க வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. கொடியைக் கவனிக்க இதைவிடப் பொருத்தமான அட்டவணை கிடையாது. தாமதமாக விழும் கொடிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆனால் 21-ஆம் நாளிலும் கொடி ஒட்டியிருந்து, தொப்புளும் சிவந்திருந்தால், வெள்ளணுக்களை எண்ணும் சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். எண்ணிக்கை அளவுமீறி இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே அனுப்பிவிட வேண்டும்.