உஷார்! நைட்ரேட் குடிநீர் வரம்புக்குள் இருந்தாலும் தலைப்பிரட்டை சாகும்

மேலுரம் போட்ட கையோடு மடையைத் திறந்துவிடுகிறீர்களா? உடனே நிறுத்துங்கள்! வயலிலிருந்து வழிந்து வாய்க்காலிலும் குட்டையிலும் சேரும் அந்தத் தண்ணீர் தலைப்பிரட்டைகளுக்கு எமன். யூரியா பயிருக்குச் சோறுதானே, பூச்சிமருந்தா என்ன என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

வயலில் இட்ட யூரியா சிதைந்து நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறும். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வாழும் தவளை, தேரை, சாலமாண்டர் என ஐந்து இனங்களின் குஞ்சுகளை நைட்ரேட், நைட்ரைட் கலந்த நீரில் விட்டு 15 நாள் கவனித்தார்கள். 1999-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு பதற வைக்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் இருந்தாலே ஆரகன் புள்ளித் தவளையின் தலைப்பிரட்டைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அது மனிதர் குடிக்கலாம் என்று அமெரிக்கா அனுமதிக்கும் அளவு! நம் நாட்டுக் குடிநீர் வரம்பான 45 மில்லிகிராம் நைட்ரேட்டும், கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதேதான். எல்லாத் தவளைகளும் இவ்வளவு மென்மையானவை அல்ல. ஆனால் நைட்ரைட் விஷயத்தில் எதுவும் தப்பவில்லை. 2 மில்லிகிராமுக்கும் குறைவான நைட்ரைட்-நைட்ரஜனே ஐந்து இனங்களிலும் பாதிக் குஞ்சுகளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது.

சாவு சட்டென்று வருவதில்லை. முதலில் இரை எடுப்பது குறைகிறது, நீச்சல் தளர்கிறது. பிறகு நிலைதடுமாறி, உடல் வீங்கி, முடங்கிப்போகின்றன. தப்பிப் பிழைத்தாலும் வளர்ச்சி பின்தங்கினால் கதை முடிந்தது: கால் முளைத்துக் கரையேறுவதற்குள் குட்டை வற்றிவிடும்.

நெல் வயலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. யூரியா கரைந்த சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. வெயில் ஏறும்போது பாசியால் தண்ணீரின் காரத்தன்மை கூடும். கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் ஏறும். செவுளாலும் மெல்லிய தோலாலும் மூச்சுவிடும் தலைப்பிரட்டை அதற்குத் தப்பி எங்கே போகும்? மழை விழுந்ததும் தவளை முட்டையிடுகிறது, அதே வாரங்களில்தான் நாமும் உரம் போடுகிறோம். பயிரைத் தின்னும் பூச்சிகளைக் காசு வாங்காமல் பிடித்துத் தின்கிற உயிரை நாமே அழித்துவிட்டு, பிறகு மருந்துக்கடை வாசலில் போய் நிற்கிறோம்.

யூரியாவை ஒரே தவணையில் கொட்டாதீர்கள், பிரித்துப் போடுங்கள். தண்ணீரைச் சுண்டவைத்துச் சேற்றில் இடுங்கள். மழை மேகம் கட்டியிருந்தால் அன்றைக்கு மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். உரச்சாக்கைக் குட்டையில் அலசாதீர்கள். போட்ட பிறகு ஒரு வாரமாவது மடையை அடைத்தே வையுங்கள்.