தலைப் பேனும் பூச்சிமருந்துத் தூளும்

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் நெருங்கி அமைந்த குடியிருப்புகளில், ஒரே அறையில் குழந்தைகள் அடுத்தடுத்துப் படுத்துறங்கும் வீடுகள் பல. ஒரு தலையில் உண்டான பேன் மறு தலைக்கு ஏற அதுவே போதும். அவ்வீடுகளுள் சிலவற்றின் பரணில், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து நிலத்திற்கென வாங்கிய பூச்சிமருந்துத் தூளும் இருக்கக்கூடும். பயிர்ப்பூச்சியைக் கொல்லும் தூள் பேனைக் கொல்லாதா என்ற எண்ணம் எழுவது இயல்பே. பேனைக் கொல்லலாம், குழந்தையின் உயிருக்கும் அபாயம் விளைவிக்கலாம். ஆகவே அதைத் தலையில் இடவே கூடாது என்பது நமது திடமான கருத்து.

இவ்வெண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். 1943-44 குளிர்காலத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுக நகரில் உடைப் பேன்களால் டைபஸ் காய்ச்சல் பரவியது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட ஜனங்களின் உடைகளுக்குள் பேன்கொல்லித் தூள் ஊதப்பட்டது, அதில் டி.டி.டி.யும் பங்கு வகித்தது. நோய் அடங்கிற்று. 1948-இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அன்று பெருந்தீங்கு உடனே தோன்றாமைக்குக் காரணம், உலர்ந்த டி.டி.டி. தூள் தோலின் வழியே எளிதில் உட்புகாமையே. எண்ணெயில் கரைந்தாலோ எளிதில் உட்புகும். தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கும் நம்மவர்க்கு இது முக்கியமான விஷயம். உட்புகுந்த டி.டி.டி. உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும், தாய்ப்பாலிலும் கலக்கும். பேன்களோ 1950-51-இல் கொரியாவிலேயே அதற்கு அஞ்சாதவையாகிவிட்டன. நம் நாட்டில் 1989-இல் டி.டி.டி. விவசாய உபயோகத்தினின்றும் விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது.

பின்னர் நெற்கதிர் நாவாய்ப்பூச்சிக்குத் தூவப் பரிந்துரைக்கப்பட்ட மாலத்தியான், குயினால்பாஸ் தூள்கள் வேறு இனத்தவை. இவை நரம்புகளின் இயக்கத்தைக் குலைப்பவை. தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உட்செல்பவை. மாலத்தியான் சில நாடுகளில் பேன் மருந்தாகவும் உள்ளதே எனலாம். அது மருத்துவத்திற்கென்றே தூய்மையாகத் தயாரிக்கப்பட்டு, அளவிட்டுத் தரப்படுவது. தூய்மை குறைந்தால் என்னாகும் என்பதைப் பாகிஸ்தான் 1976-இல் கண்டது. மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 தொழிலாளரில் ஏறத்தாழ 2,800 பேருக்கு விஷம் ஏறியது, ஐவர் இறந்தனர். மருந்துத்தூளில் உண்டான ஐசோமாலத்தியான் என்ற கலப்பே அதற்குக் காரணமாயிற்று. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றாகாது.

பேனை ஒழிக்க எளிய வழி பேன் சீப்பே. தலையை ஈரமாக்கி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் வாரவேண்டும். மருந்து வேண்டுமெனில் மருத்துவர் சொற்படி ஒரு சத பெர்மெத்ரின் திரவத்தை உபயோகிக்கலாம். ஈரினின்று புதுப்பேன் வெளிவருமாதலால் ஒன்பது நாள் கழித்து மீண்டும் இடுவது நலம். கைக்குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் எதுவும் இடலாகாது. மண்ணெண்ணெயும் எறும்புச் சாக்குக்கட்டியும் தலைக்கு ஆகா. உடைப் பேன் துணியின் தையல் மடிப்புகளில் வாழ்வது. அதற்குத் துணிகளைக் கொதிநீரில் துவைப்பதே மருந்து.

தவறித் தூளை இட்டுவிட்டால், உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவவேண்டும். கழுவுவோர் கையுறை அணிவது நன்று. எச்சில் வடிதல், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல் கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மருந்தின் டப்பாவையும் எடுத்துச் செல்வது சிகிச்சைக்கு உதவும்.

அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றுண்டு. வயலுக்கு வாங்கிய தூளைப் பொட்டலமாகப் பிரித்து அண்டை வீட்டாருக்குத் தராதீர்கள். அதன் சீட்டுடன், பூட்டிய பெட்டியில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சீட்டில்லாத பொட்டலம் எவர் தந்தாலும் வாங்காதீர்கள்.